வாஞ்சி கையில் இருந்தது ரிவால்வரா?

பேச்சுவழக்கில் நாம் எல்லாரும் ரிவால்வர் என்றுதான் சொல்கிறோம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ரயில் பெட்டிக்குள் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். ஏதோ ஒரு துப்பாக்கி, அதிலென்ன என்று கேட்கலாம். விஷயம் இருக்குங்க.

1918இல் வந்த ரௌலட் குழு அறிக்கை, புதுச்சேரியில் நடந்ததை ரிவால்வர் பயிற்சி என்றே குறிக்கிறது. வ.வே.சு. ஐயர் 1910இல் இங்கே வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் வாஞ்சி லீவு போட்டுவிட்டு வந்தார். பிரிட்டிஷாரின் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பிரெஞ்சு மண்ணில் செல்லாது. வில்லியனூர், பாகூர் பக்கம் பிரெஞ்சு ஊரும் பிரிட்டிஷ் ஊரும் துண்டு துண்டாகக் கலந்து கிடந்தன. வரப்பைத் தாண்டினால் சட்டமே வேறு!

சரி, ரிவால்வருக்கு வருவோம். அந்தக் காலத்து ராணுவ ரிவால்வரில் டிரிக்கரை ஒரே இழுப்பாக இழுத்தால் மூன்று வேலை நடக்கும்: சுத்தியல் பின்னே போகும், தோட்டா உருளை ஓர் அறை திரும்பும், சுத்தியல் விடுபட்டு அடிக்கும். அதனால் விரலுக்கு ஐந்தாறு கிலோ கனம். பழக்கமில்லாத கை நடுங்கிக் குறி விலகும். கட்டைவிரலால் சுத்தியலை முன்கூட்டியே இழுத்து வைத்தால் கனம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பிரௌனிங்கில் இந்தப் பாடு இல்லை. ஒவ்வொரு வெடியின் விசையே அடுத்த தோட்டாவைத் தயார் செய்துவிடும். கனத்த டிரிக்கரில் பழகிய விரலுக்கு அது இலகுவாகவே இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

பிரெஞ்சுக்காரர்களின் 1892 மாடல் ரிவால்வரைப் பார்த்தால் அடையாளம் காண்பது சுலபம். 8 மி.மீ. தோட்டா, ஆறு அறை, உருளை வலப்பக்கம் திறக்கும். சட்டத்தில் செயின்ட் எத்தியென் ஆயுதச்சாலையின் பெயரும் குழலில் ஆண்டும் பொறித்திருக்கும். இடப்பக்கத் தகடு கதவு மாதிரி விலகும். உள்ளே இருக்கும் எல்லாமே தெரியும், துடைப்பதும் எளிது. டிரிக்கர் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உறைந்துபோன பழைய எண்ணெயையும் உப்புக்காற்றுத் துருவையும்தான். சிலர் ஸ்பிரிங்கை வெட்டி இலகுவாக்குவார்கள். அப்புறம் அடி வலுவில்லாமல் தோட்டா வெடிக்காது, பொருளின் மதிப்பும் போச்சு.

பரணில் இப்படி ஒன்று கிடைத்து, 'இது வாஞ்சி சுட்டதாம்' என்று யாராவது சொன்னால் முதலில் உருளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது மணியாச்சித் துப்பாக்கி இல்லை. இன்றைக்கு லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கவும் முடியாது, அது வேற கதை.