பள்ளிப் பிள்ளைகளும் காற்சட்டையும்

சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என்று செயலாளர் கேட்டபொழுது, வழக்கம்போல் இருப்புப் பாதையின் வரலாற்றையே எழுதலாமென எண்ணினேன். ஆனால், சென்ற மூன்று திங்களாக நம் நீலசந்திராவில் பேச்செல்லாம் வேறொன்றைப் பற்றியதாகவே இருக்கின்றது. நம் பிள்ளைகள் பலர் பயிலும் பள்ளி ஒன்று, வரும் கல்வியாண்டு முதல் ஆண் பெண் இருபாலாரும் முழுக் காற்சட்டையும் சட்டையுமே அணிந்து வரவேண்டும், பாவாடையும் சுடிதாரும் கூடா எனப் பெற்றோர்க்குச் சுற்றறிக்கை விடுத்துள்ளது. என் மகள் அச்சுற்றறிக்கையை மடித்துக் கணக்குப் புத்தகத்துள் வைத்துப் போற்றி வருகின்றாள். சைக்கிளில் செல்பவள் அவள். எதிர்வரிசை வீட்டிலோ, அவளுடன் ஒன்பதாம் வகுப்பில் பயிலும் பெண்ணின் பாட்டியார், “கால்சராய் போட்டுத்தான் வரணும்னா படிப்பே வேண்டாம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். ஒரே தாள் ஒரு வீட்டிற்கு விடுதலையாகவும் மற்றொரு வீட்டிற்குத் தடையாகவும் வந்திருக்கின்றது. இதற்கு வரலாறு ஏதேனும் வழி காட்டுமா எனத் தேடிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை. யான் பெரும் படிப்புப் படித்தவன் அல்லேன்; மெட்ரிக்குலேசன் அளவோடு நின்று ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன். பிழை காணின் அன்பர்கள் பொறுத்தருள்க.

தைத்த உடை தமிழர்க்கு முற்றிலும் புதியதன்று. முல்லைப்பாட்டில் அரசனது பாசறையைக் காத்து நிற்கும் யவனர், மெய்ப்பை அணிந்தவராகக் கூறப்படுகின்றனர். மெய்ப்பை என்பது சட்டை. அதை அணிந்தவர் அயல்நாட்டு வீரர் என்பது கருதத்தக்கது. வெட்டித் தைத்த உடை, நம் நாட்டுப் பொதுமக்கள் கண்ணில், நெடுங்காலம் படைவீரருக்கும் அரண்மனைப் பணியாளருக்கும் உரிய உடையாகவே இருந்தது. உழவரும் நெசவாளரும் தைக்காத துணியையே உடுத்தனர். அத்துணியை எவ்வளவு நீளம் உடுத்தலாம், எங்கே முடியலாம், தோளில் இடலாமா கூடாதா என்பவற்றையெல்லாம் அவரவர் விருப்பம் தீர்மானிக்கவில்லை, சாதியே தீர்மானித்தது.

இதற்குத் தெற்குத் திருவிதாங்கூரே சான்று. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தைச் சார்ந்த அப்பகுதியில், நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை இடுவதற்கு உரிமையற்றவராக இருந்தனர். கிறித்தவ சமயம் தழுவிய பெண்கள் குப்பாயம் என்னும் மேற்சட்டை அணியலாம் எனத் திவான் மன்றோ காலத்தில் இசைவு தரப்பட்டது. ஆயினும் உயர்குலப் பெண்டிரைப் போல் சீலை இடுதல் கூடாதென 1829இல் மீண்டும் ஆணை பிறந்தது. சந்தையிலும் சாலையிலும் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. வீடுகளும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. சென்னைக் கவர்னர் சார்லசு டிரெவெலியனின் வற்புறுத்தலும் சேர, 1859ஆம் ஆண்டு சூலை 26இல் மன்னர் உத்திரம் திருநாள் ஓர் அறிக்கை வெளியிட்டார். நாடார் பெண்கள் சட்டை அணியலாம், முரட்டுத் துணி போர்த்தலாம். ஆனால் மேற்குலத்தாரைப் போல் மட்டும் உடுத்தலாகாது என்பது அதன் சாரம். உரிமை கொடுக்கும்பொழுதும் ஒரு முடிச்சைத் தம் கையிலேயே வைத்துக்கொண்ட அறிக்கை அது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மக்கள் போராடியது ஒரு முழத் துணிக்காகத்தானா என்று இக்காலத்தார் கேட்கலாம். துணிக்காக அன்று, அதைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமைக்காக.

இன்னொரு நிகழ்ச்சி நம் பெங்களூருக்கு இன்னும் அண்மையது. 1805ஆம் ஆண்டின் இறுதியில், சென்னைப் படைக்குத் தலைமைத் தளபதியாயிருந்த சர் ஜான் கிரடாக், சிப்பாய்கள் ஒரே சீராகத் தோன்ற வேண்டுமென விரும்பினார். நெற்றியில் சமயக் குறி இடலாகாது, காதணி கூடாது, தாடி மழிக்கப்பட வேண்டும், மீசை ஒரே அளவினதாக இருத்தல் வேண்டும், தோற் சின்னம் பொருந்திய புதுத் தலைப்பாகை அணிதல் வேண்டும் என்று விதிகள் வந்தன. அத்தலைப்பாகை வெள்ளையரின் தொப்பியை ஒத்திருந்ததால், தம்மை மதம் மாற்றும் சூழ்ச்சி இதுவென இந்துக்களும் முசுலிம்களும் ஒருங்கே ஐயுற்றனர். மறுத்தவர்கள் கசையடி பட்டனர். 1806ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலப் படையினர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப் படையுடன் விரைந்து வந்த கில்லசுபி கோட்டையை மீட்டபொழுது, சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். கோட்டையுள் சிறையிருந்த திப்பு சுல்தானின் மக்களும் இவ்வெழுச்சிக்குத் தூண்டுகோலாயினர் என்பர், அதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், எரியத் தொடங்கிய இடம் தலைப்பாகைதான். பின்னர் அவ்விதி கைவிடப்பட்டது. கவர்னர் பெண்டிங்கும் கிரடாக்கும் 1807இல் திரும்ப அழைத்துக்கொள்ளப்பட்டனர். ஒழுங்கு கருதி இட்ட ஆணை அது. இட்டவர் மனத்தில் சமயம் இருந்ததோ இல்லையோ, அணிய வேண்டியவரைக் கலந்து பேசும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாண்டு கழித்து, 1809இல், இங்கே கண்டோன்மெண்ட் எழுந்தது. கன்னடத்தார் ‘தண்டு’ என வழங்கும் அப்பகுதிக்குப் படையோடு நம் முன்னோர் வந்தனர்: மூட்டை சுமப்போர், சமையற்காரர், வண்ணார், தையற்காரர், கடைக்காரர். ஆகவே இந்நகரத் தமிழருக்கும் சீருடைக்கும் உள்ள உறவு தைத்துக் கொடுத்தவர்க்கும் வெளுத்துக் கொடுத்தவர்க்கும் உள்ள உறவு. பிறர் அணியும் காற்சட்டைகளுக்குக் கஞ்சியிட்டுப் பெட்டி போட்டே பல குடும்பங்கள் பிழைத்தன.

பள்ளிச் சீருடை நம்மவர்க்கு வந்த வழி வேறு. அதைப் படைப் பழக்கம் என்று இகழ்வோர் அதன் நன்மையை மறந்துவிடுகின்றனர். சென்னை மாநிலத்தில் காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1956இல் மதிய உணவுத் திட்டம் பரவியது. கல்வித் துறையின் தலைவராய் விளங்கிய நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில், ஊரார் தம் கைப்பொருளைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை வழங்கினர். பண்ணையார் மகனும் பண்ணையாள் மகனும் ஒரே நிறத்தில் ஒரே வரிசையில் உட்காரவேண்டும் என்பதே அதன் கருத்து. கிழிசலைக் கண்டு நாணி வீட்டிலேயே தங்கிய பிள்ளை பள்ளிக்கு வந்தது. சீருடையின் முதற் பயன், பிள்ளையை உள்ளே வரச் செய்தல். இதை யான் அழுத்திக் கூறக் காரணம் உண்டு.

யான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். தந்தையார் சுரங்கத்தில் வேலை செய்தார்; அச்சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. ஒன்பதாம் வகுப்பிலும் எனக்குக் காக்கி அரைக்காற்சட்டைதான். மீசை அரும்பிய முகமும் முழங்கால் தெரியும் உடையுமாக வகுப்பில் எழுந்து நிற்க நாணி, விடை தெரிந்தும் வாய் திறவாதிருந்த நாட்கள் உண்டு. அடுத்த ஆண்டு அண்ணன் தம் பழைய முழுக் காற்சட்டையைக் குறைத்துத் தைத்துக் கொடுத்தார். அன்றுதான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஆதலால் காற்சட்டைக்கு யான் பகைவன் அல்லேன்.

பெண் பிள்ளைகளின் உடை மாறிய வரலாறு இன்னும் நுட்பமானது. பாவாடை தாவணியே உயர்நிலைப் பள்ளியின் சீருடையாக இருந்த காலத்தை நம் அக்காமார் நன்கு அறிவர். தாவணிக்கு ஊசி குத்தி, பேருந்துப் படியில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் பாவாடையையும் பிடித்துச் சென்றனர். பின்னர்த் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சல்வார் கமீசு வந்தது. அதுவும் வடநாட்டு உடையே என முதலில் முணுமுணுத்தவர்கள் இன்று அதையே ‘நம் அடக்கமான உடை’ என்கின்றனர். முப்பது ஆண்டில் ஓர் உடை அயல் என்னும் பெயரை உதிர்த்துவிடுகின்றது போலும்!

இங்கே புதுக்கோட்டையை நினைவூட்ட விரும்புகின்றேன். 1991-92இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபொழுது, மாவட்ட ஆட்சியர் சீலாராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், கல் உடைப்போரும் களை எடுப்போருமான பெண்கள் பல்லாயிரவர் சைக்கிள் ஓட்டக் கற்றனர். அவர்கள் சேலையோடுதான் ஓட்டினர். குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் சைக்கிளையே சிலர் விரும்பினராம். அக்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே! உடை மாறினால்தான் பெண் முன்னேறுவாள் என்போர்க்கு இப்பெண்கள் விடையளித்துவிட்டனர். ஆயினும், என் மகள் ஈசிபுரச் சாலையின் நெரிசலில் துப்பட்டா சக்கரத்தில் சிக்காதவாறு முடிந்துகொண்டு செல்வதைக் காணும்பொழுது, அவ்விடையை அவளிடம் கூற எனக்கு நா எழுவதில்லை.

இப்பொழுது நாம் பேசும் செய்தி அண்டை மாநிலமாகிய கேரளத்தில் முன்னரே நடந்து முடிந்தது. எர்ணாகுளம் மாவட்டத்து வளையஞ்சிறங்கரை அரசுத் தொடக்கப் பள்ளியில், சிறுவர் சிறுமியர் அனைவருக்கும் சட்டையும் முக்காற் காற்சட்டையும் சீருடையாயின. பெற்றோர் ஒப்பினர், குழந்தைகள் ஓடி விளையாடினர், பூசல் இல்லை. 2021 திசம்பரில் கோழிக்கோடு மாவட்டத்துப் பாலுச்சேரி அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியிலும், பதினோராம் வகுப்பினர்க்கு முழுக் காற்சட்டையும் சட்டையும் சீருடையாக வந்தன. அமைச்சர் ஆர். பிந்து தொடங்கி வைத்தார். முழுக்கைச் சட்டையும் தலைத்துணியும் வேண்டுவோர் அணியலாம் என்ற இடமும் விடப்பட்டிருந்தது. ஆயினும் முசுலிம் அமைப்புகள் பல எதிர்த்தன. ‘இருபாலார்க்கும் பொது’ என்று கூறி ஆண் உடையைப் பெண்மேல் ஏற்றுவது எப்படிப் பொதுவாகும் என்று அவர்கள் கேட்டனர். அக்கேள்வியைச் சமயக் கேள்வி என்று மட்டும் தள்ளிவிடுதல் முறையன்று. பையன்களைப் பாவாடை உடுத்துமாறு எப்பள்ளியும் கேட்டதில்லையே! 2022 ஆகத்தில், அரசு எவ்வுடையையும் எவர்மேலும் திணிக்காது என முதலமைச்சர் பினராயி விசயன் சட்டசபையில் கூறினார்.

அதே ஆண்டில் நம் கருநாடகத்தில் நடந்தவற்றை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிப்ரவரி 5இல் அரசின் சீருடை ஆணை. தலைத்துணி அணிந்த மாணவியர் கல்லூரி வாயிலில் நிறுத்தப்படுதல். மார்ச்சு 15இல் அவ்வாணை செல்லும் என உயர்நீதி மன்றத் தீர்ப்பு. அக்டோபர் 13இல் உச்சநீதி மன்றத்தில் இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்பு. அவருள் ஒருவராகிய சுதான்சு தூலியா, பெண் பிள்ளையின் கல்வியே தம் மனத்தில் முதலிடம் பெற்றதென எழுதினார். வழக்கின் மற்றப் பகுதிகளில் எவர் எக்கட்சியினராயினும், தேர்வெழுதாமலே நின்றுவிட்ட மாணவியர் சிலர் உண்டு என்பது கண்கூடு. எதிர்வீட்டுப் பாட்டியாரின் சொல்லைக் கேட்டபொழுது எனக்கு அதுவே நினைவுக்கு வந்தது.

மேல்நாட்டார் இவற்றையெல்லாம் கடந்துவிட்டனர் என்று எண்ணவேண்டா. பாரிசு நகரில் பெண்கள் காவல் துறையின் இசைவின்றிக் காற்சட்டை அணிதல் கூடாதென 1800இல் ஓர் ஆணை பிறந்தது. சைக்கிளின் கைப்பிடியையோ குதிரையின் கடிவாளத்தையோ பிடித்திருந்தால் அணியலாம் எனப் பின்னர்த் தளர்த்தினர். அது செல்லாதென அமைச்சர் ஒருவர் வெளிப்படையாக அறிவித்தது 2013இல்! இங்கிலாந்தில் லூயிசு என்னும் ஊரிலுள்ள பிரையரி பள்ளி இதற்கு நேர்மாறு. 2017இல் புதிதாகச் சேர்ந்தவர்க்குக் காற்சட்டை மட்டுமே என வகுத்து, 2019 செப்டம்பரில் அதை அனைவர்க்கும் விரித்தது. பாவாடையோடு வந்த பெண்கள் வாயிலில் தடுக்கப்பட, பெற்றோரும் பிள்ளைகளும் தெருவில் நின்று முழக்கமிட்டனர். அமெரிக்காவின் வடகரோலினாவிலோ, பெண்கள் பாவாடையே அணியவேண்டும் என்ற பள்ளி விதி, பெண் என்பதால் வேற்றுமை காட்டுவதாகும் என 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. ஓரிடத்தில் பாவாடைக்கு அழுதனர். ஓரிடத்தில் காற்சட்டைக்கு வழக்காடினர். இரண்டிடத்தும் பெண்கள் வேண்டாமென்றது கட்டாயத்தையே.

இனி என் கருத்தை ஒளிக்காமல் கூறிவிடுகின்றேன். காற்சட்டை பெண்களுக்கு ஏற்ற உடை. எங்கள் ரயில்வேயில் தண்டவாளப் பணியிலும் எஞ்சின் கொட்டகையிலும் பெண்கள் அதை அணிந்தே வேலை செய்கின்றனர். அவர்தம் பண்பில் ஒரு குறையும் நேரவில்லை. அதைக் கேட்கும் பெண்ணுக்கு எப்பள்ளியும் மறுத்தல் கூடாது. ஆனால் கேளாத பெண்ணுக்கு அதையே வாயில் காக்கும் பூட்டாக்குதல் தகாது. ஒரே நிறத் துணி, ஒரே சட்டை. கீழாடை மட்டும் காற்சட்டையோ, சல்வாரோ, நீண்ட பாவாடையோ என வைத்தால் வரிசை கலைந்துவிடாது. செலவையும் எண்ண வேண்டும். பாவாடையில் டக் பிடித்துத் தைத்தால், ஆண்டுக்கொரு மடிப்பாகப் பிரித்து விட்டு மூன்று ஆண்டு ஓட்டிவிடுவர் நம் தாய்மார். இடுப்பளவு மாறும் வயதில் காற்சட்டை ஆண்டுதோறும் புதிதாக வேண்டியிருக்கும். வளர்ந்த பெண்கள் மாதத்தில் சில நாட்கள் தளர்ந்த உடையையே நாடுவர் என்று கூட்டத்தில் ஒரு தாயார் எழுந்து கூறினார். ஆண்கள் எவரும் அதை எண்ணியிருக்கவில்லை, யான் உட்பட.

சங்கத்தின் பெற்றோர் முப்பத்திரண்டு பேர் கையொப்பமிட்டு, சீருடைப் பட்டியலில் மூன்று கீழாடைகளையும் சேர்க்குமாறு பள்ளிக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பியுள்ளோம். அதைத் தட்டச்சில் அடித்தவள் என் மகள். எதிர்வீட்டுப் பாட்டியார் எழுதப் படிக்க அறியாதவர். வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பெருவிரல் ரேகை வைத்தார். “உனக்குக் கால்சராய், அவளுக்குப் பாவாடை, அப்படித்தானே?” என்று அவளிடம் இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார். மறுமொழி இன்னும் வரவில்லை. நம் தெருத் தையற்காரர் இரு பெண்களுக்கும் அளவெடுத்து வைத்திருக்கின்றார், துணியை வெட்டவில்லை.