புழுங்கல் அரிசியின் கதை

யாழ்ப்பாணத்து வீடுகளிலே பச்சரிசிக்கும் புழுங்கல் அரிசிக்கும் தனித்தனி இடம் உண்டு. பொங்கற் பானைக்கும் கோயில் நைவேத்தியத்துக்கும் பச்சரிசி. நாளாந்தச் சோற்றுக்குப் புழுங்கல். நோயாளிக்குக் கஞ்சி வைப்பதாயினும், விடியற்காலையில் தோட்டத்துக்குப் போகிறவருக்குப் பழஞ்சோறு கொடுப்பதாயினும் எடுத்துக்கொள்வது புழுங்கலே. இவ்விரண்டினுள் உடம்புக்கு உகந்தது எது என்று சலரோகம் உடையோர் இன்று வைத்தியரிடம் கேட்கின்றனர். புதிய வினாப்போலத் தோன்றும் இது, ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு நோயின் பொருட்டுக் கேட்கப்பட்டது. அதற்கு விடை கிடைத்த இடம் யாழ்ப்பாணம் அன்று. யாழ்ப்பாணத்தவர் உத்தியோகம் தேடிச் சென்ற மலாயா நாடு.

முதலில் வீட்டு முற்றத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம் நெல் விளைந்தது. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் முதலிய சிவந்த அரிசி நெல்லினங்கள் பெரிதும் விரும்பப்பட்டன. அறுவடையான நெல்லை ஊறவைத்துக் கிடாரத்திலிட்டு அவிப்பர். உமி சற்றே வாய் திறக்கும் பதத்தில் இறக்கி, பாயிலே பரப்பிக் காயவைப்பர். காய்ச்சல் கூடினால் அரிசி நொறுங்கும். குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பதம் பார்த்து அள்ளிய நெல்லை இரு பெண்கள் எதிரெதிரே நின்று உரலில் மாறிமாறிக் குத்துவர். பின்பு சுளகிலே புடைத்து உமியைப் போக்குவர். தவிடு முழுவதும் போவதில்லை. சோறு சற்றே சிவந்து, முரடாக, வாசனையோடு இருக்கும். இத்தனை வேலையும் நாடோறும் சோறு உண்பதற்காகச் செய்யப்பட்டதேயன்றி, மருந்தென்று எண்ணிச் செய்யப்பட்டதன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் கீழைத்தேசங்களிலே பரவின. பச்சை நெல்லை உமி நீக்கி, தவிடும் முளையும் போகத் தீட்டி, முத்துப்போல் வெண்மையான அரிசியாக்கி இவ்வாலைகள் மலிவாக விற்றன. அவ்வரிசி போன இடங்களிலெல்லாம் பெரிபெரி என்னும் நோயும் மிகுந்தது. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடம்பு வீங்கும், ஈற்றில் இருதயம் சோர்ந்து உயிர் போகும். இந்நோயின் பெயர் மெலிவைக் குறிக்கும் சிங்களச் சொல் ஒன்றினின்று பிறந்ததென்பர். சுரங்கம், சிறைச்சாலை, கப்பல், படைமுகாம் என, பலர் கூடி ஒரே சமையலை உண்ணும் இடங்களிலே இது கொள்ளைநோய்போல் நின்றமையால், கிருமியால் வருவதென்றே வைத்தியர் பலர் கருதினர்.

ஜாவாத் தீவிலே ஒல்லாந்த வைத்தியரான எயிக்மன் 1890ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் கோழிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகளுக்குப் பெரிபெரியை ஒத்த நோய் கண்டது. வைத்தியசாலைச் சமையலறையிலிருந்து மிஞ்சிய சோறுதான் அவற்றுக்கு இடப்பட்டது. புதிதாக வந்த சமையற்காரர், படையினருக்குரிய சோற்றைக் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். அதன்பின் தீட்டாத அரிசியைத் தின்ற கோழிகள் தேறிவிட்டன! எயிக்மனுக்கு 1929ஆம் ஆண்டில் நோபெற் பரிசு கிடைத்தது. அச்சமையற்காரரை நினைப்பார் இலர்.

கோழிக்கு உற்றது மனிதருக்கும் உறுமோ என்னும் ஐயம் மலாயாவிலே தீர்ந்தது. அந்நாட்டில் வெள்ளீயச் சுரங்கங்களிலே சீனத் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்தனர். தோட்டங்களிலும் வீதி வேலைகளிலும் தமிழ்நாட்டுத் தொழிலாளர் இருந்தனர். புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் யாழ்ப்பாணத்தவர் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் கடமையாற்றினர். அவர்கள் ஊருக்கு அனுப்பிய பணத்தால் குடாநாட்டிலே கல்வீடுகள் எழுந்த கதையை நேயர்கள் பலர் தம் பாட்டனார் வாயிலாகக் கேட்டிருப்பர். கடல் கடந்தும் தமிழர் தம் சோற்றை மாற்றவில்லை. அவர்கள் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி.

நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராயிருந்த பிராடன் என்பார் இதனைக் கவனித்தார். தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை உண்ட சீனர் பெரிபெரியால் மாண்டனர். அதே காற்றையும் நீரையும் நுகர்ந்த தமிழருக்கு அந்நோய் அரிதாகவே கண்டது. தம் வயல் நெல்லை அவ்வப்போது வீட்டிலே குத்தி உண்ட மலாய்க் குடியானவருக்கும் அவ்வாறே. சாதியோ தேசமோ அன்று, அரிசியே காரணம் என்று 1907ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே பிராடன் வாதித்தார். ஆயினும் பழைய அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறதென அவர் நினைத்தது பிழை. குற்றவாளியைச் சரியாகப் பிடித்துக் குற்றத்தைத் தவறாக எழுதிய காவலரை ஒத்தவர் அவர்.

கோலாலம்பூரிலே மனநோயாளர் விடுதியில் பிளெச்சர் என்ற வைத்தியர் 1905ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளரை ஒருவர் விட்டு ஒருவராக இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். இடையிலே இரு பிரிவினரையும் கட்டிடம் மாற்றியும் பார்த்தார். பச்சரிசி உண்ட 120 பேரில் 43 பேருக்குப் பெரிபெரி கண்டு 18 பேர் இறந்தனர். புழுங்கல் உண்ட 123 பேரில் இருவருக்கே நோய் இருந்தது. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். தாம் எதற்கு உட்படுகிறோம் என்று அறியாத மனிதர்மீது நிகழ்ந்த சோதனை இது. இன்று அதற்கு எவரும் அனுமதி தரார். அப்பதினெண்மரின் உயிரை விலையாகக் கொடுத்தே இவ்விடை பெறப்பட்டது என்பதை மறத்தல் ஆகாது.

அடுத்து பிறேசர், ஸ்டான்ரன் என்னும் இருவர் காட்டுப் பகுதியில் வீதி அமைத்த ஏறத்தாழ 300 ஜாவாத் தொழிலாளரிடையே இதனை மீண்டும் சோதித்தனர். வெள்ளையரிசி உண்டவர்க்கு மூன்று மாத அளவில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் நின்றது. தவிட்டிலே உள்ள ஏதோ ஒரு பொருள் குறைவதே நோய்க்குக் காரணம் என அவர்கள் நிறுவினர். 1912ஆம் ஆண்டில் பங் என்னும் அறிஞர் இத்தகைய பொருள்களுக்கு விற்றமின் என்று பெயரிட்டார். அரிசித் தவிட்டுப் பொருள் 1926ஆம் ஆண்டில் ஜாவாவிலே தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. தயமின் என்றும் விற்றமின் பி1 என்றும் அதனை இன்று வழங்குகிறோம்.

கிடாரத்திலே நிகழ்ந்தது என்ன என்பதும் அப்பொழுது விளங்கிற்று. தயமின் நீரிற் கரைவது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கையில் தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்தின் ஒரு பகுதி நீரோடு கலந்து அரிசியின் உள்ளே சென்று தங்கிவிடுகிறது. மாப்பொருள் இறுகுவதால் மணி எளிதில் உடைவதும் இல்லை. பின்பு ஆலையிலே தீட்டினாலும், பச்சரிசியைப்போல் அது எல்லாவற்றையும் இழப்பதில்லை.

நம் முன்னோர் விற்றமினை அறிந்திருந்தனர் என்று சிலர் பெருமை பேசுவதுண்டு. அறிந்திருக்கவில்லை. மானிப்பாயிலிருந்து தமிழிலே மேனாட்டு வைத்தியம் கற்பித்த கிறீன் வைத்தியரும் 1873ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை விட்டுச் செல்லும்போது அதனை அறியார். உலகிலே ஒருவரும் அறியார். நெல் கெடாமல் இருத்தல், குத்தும்போது குறுநொய் குறைதல், சோறு குழையாமல் நிற்றல், இவையே அக்கிடாரத்தை ஏற்றியவர்களின் காரணங்களாக இருந்திருக்க வேண்டும். காரணம் எதுவாயினும் பயன் குறையவில்லை.

உரலும் உலக்கையும் பின்னர் மூலைக்குச் சென்றன. ஆலை வந்ததனால் பெண்களின் தோள்நோவு தீர்ந்தது. அதனை இழப்பென்று எழுத எவருக்கும் உரிமை இல்லை. அரிசியின் நிலையும் மாறியது. 1942ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் வசமானதும் பர்மா அரிசி வரவு நின்று, இலங்கை முழுவதும் பங்கீட்டரிசிக்கும் கோதுமை மாவுக்கும் பழகியது. பங்கீட்டரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது, 1953ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடளாவிய ஹர்த்தால் மூண்டது. பாணும் கோதுமை மாப் பிட்டும் குடாநாட்டு அடுக்களைகளிலே நிலைபெற்றன. 1990ஆம் ஆண்டுகளில் பொருளாதாரத் தடையால் மா வரவு சுருங்கிய காலத்திலே, ஒடியல் மாவும் குரக்கனும் மீண்டும் பானை ஏறின. தடை நீங்கியதும் வெள்ளை மா திரும்ப வந்தது.

இப்பொழுது வினாவுக்கு வருவோம். பெரிபெரிக்குப் புழுங்கல் அரிசி விடையாயிற்று. சலரோகத்துக்கும் அதுவே விடை என்று கொள்ளலாமோ? இலங்கையில் 2005-2006ஆம் ஆண்டுகளிலே நிகழ்ந்த ஆய்வொன்று வளர்ந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குச் சலரோகம் உண்டெனக் கண்டது. தீட்டிய வெள்ளைப் பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசிச் சோறு பெரும்பாலும் இரத்தத்தில் வெல்லத்தை மெதுவாக ஏற்றும்; தவிடு நீங்காத சிவப்பரிசி இன்னும் நன்று. ஆனால் இது இனத்துக்கு இனம் வேறுபடும். அன்றியும், பெரிபெரி குறைவினால் வந்த நோய். சலரோகமோ பெரிதும் மிகுதியோடும் உழைப்புக் குறைவோடும் தொடர்புடையது. காலையிலிருந்து துலா மிதித்து நீர் இறைத்தவர் உண்ட சோற்றின் அளவை, நாற்காலியில் இருப்பவர் உண்ணலாகாது. புழுங்கல் என்ற பெயர் மூன்றாவது அகப்பைக்கு அனுமதிச் சீட்டன்று.

அரிசி கழுவுவது பற்றியும் சிலர் கேட்பர். பலமுறை தேய்த்துக் கழுவினால் தயமின் கழுநீரோடு போகும். வடித்த கஞ்சியிலும் ஒரு பகுதி போகும். கழுநீரை மாட்டுக்கு வைத்து, வடிகஞ்சியை உப்பிட்டுத் தாம் குடித்த பழைய வீடுகளில் அதிகம் வீணாகவில்லை. சோற்றோடு பருப்பும் முருங்கையிலை வறையும் மீனும் சேர்ந்த உணவிலே, அரிசி ஒன்றையே நம்பி உயிர் வாழ வேண்டிய நிலையும் இல்லை. மலாயாச் சுரங்கத் தொழிலாளருக்கு வாய்க்காதது அதுவே.

ஆலையிலே தீட்டும் அளவைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். வெண்மையாகத் தீட்டிய அரிசியே கடையில் விலைபோகும் என்று வியாபாரி எண்ணுகிறார். சொந்த நெல்லை அவித்துக் காயவைத்து ஆலைக்கு எடுத்துச் செல்பவர், தவிடு முழுவதும் போகாமல் மெல்லத் தீட்டித் தருமாறு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.