மலைச்சரிவில் முதல் போட்டி

1976 அக்டோபர் 21ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஃபேர்ஃபாக்ஸ் என்னும் ஊரை அடுத்த மலையில் சில இளைஞர்கள் கூடினர். தங்களுள் வேகமானவர் யார் என்ற வாக்குவாதத்தைத் தீர்க்க, 3 கிலோமீட்டருக்கும் அதிகமான செங்குத்து மண்பாதையில் பழைய சைக்கிள்களில் இறங்கினர். அங்கு நடந்த முதல் போட்டி அதுவே. மற்றவர்கள் விழுந்தெழுந்து வர, விழாமல் வந்த ஆலன் பாண்ட்ஸ் வென்றார்.

பெடலைப் பின்னோக்கி மிதித்துப் பிடிக்கும் பிரேக், அவ்விறக்கத்தில் சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். அதை மீண்டும் நிரப்ப வேண்டியிருந்ததால், பாதைக்கே ‘ரீபேக்’ என்ற பெயர் வந்தது.

இக்குறையைக் கண்டவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ், 1977இல் இரு சக்கரங்களுக்கும் கைப்பிரேக் பொருத்தி, மலைக்கென்றே புதிய சைக்கிள் செய்தார். 1990இல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் உலகப் போட்டியே நடந்தது. வேகத்துக்காகத் தொடங்கிய விளையாட்டை வளர்த்தது நல்ல பிரேக் என்பதை நாம் மறத்தலாகாது.