பக்கவாதத்துக்குப் பிந்தைய சிகிச்சை: பரிசோதனைகள் காட்டுவது என்ன?

பக்கவாதத்தால் செயலிழந்த கையையும் காலையும் அறுவை சிகிச்சை இல்லாமலேயே மீட்டெடுக்க உதவும் என்று கூறப்படும் பல முறைகள், கடந்த இருபது ஆண்டுகளில் பெரிய அளவிலான மருத்துவப் பரிசோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டுள்ளன. மூளையைக் காந்தப் புலத்தால் தூண்டுவது, இயந்திரக் கரத்தின் துணையுடன் பயிற்சி செய்வது, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடி கையை அசைக்க முயல்வது ஆகியவை அவற்றில் சில. இவற்றின் முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம், கருவிகளை விற்பவர்கள் தரும் சித்திரத்திலிருந்து பெரிதும் மாறுபடுகிறது.

இலங்கைத் தமிழர் பாரிசவாதம் என்று அழைக்கும் இந்நோய், மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ ஏற்படுகிறது. அதில் இறந்துபோன நரம்பு உயிரணுக்கள் மீண்டும் உயிர் பெறுவதில்லை. ஆனால் எஞ்சியுள்ள பகுதிகள் புதிய இணைப்புகளை உருவாக்கிக்கொண்டு, இழந்த பணிகளில் சிலவற்றை ஏற்றுக்கொள்ளக் கூடும். மறுவாழ்வு சிகிச்சை முழுவதும் மூளையின் இந்த நெகிழ்தன்மையை நம்பியே நடக்கிறது.

இத்துறையில் ஆய்வு செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் சில மாதங்களில் நோயாளிகளில் பெரும்பாலானோர் ஓரளவு தாமாகவே தேறுகின்றனர். அந்த நேரத்தில் எந்தச் சிகிச்சை அளிக்கப்பட்டாலும், நல்ல பெயர் அந்தச் சிகிச்சைக்கே போய்ச் சேரும். அச்சிகிச்சையைப் பெறாத மற்றொரு குழுவுடன் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியவரும்.

போலிக் கருவியின் சாட்சி

தலையின் மீது ஒரு கம்பிச் சுருளை வைத்து, காந்தத் துடிப்புகளால் மூளையைத் தூண்டும் முறையை 1985ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஆண்டனி பார்க்கரும் அவரது சகாக்களும் செய்து காட்டினர். பக்கவாதத்துக்குப் பிறகு மூளையின் பாதிக்கப்படாத பாதி மிகையாகச் செயல்பட்டு, பாதிக்கப்பட்ட பாதியை அடக்கிவிடுகிறது என்பது ஒரு கருத்து. அப்படியானால், நலமாக உள்ள பாதியை மெதுவான காந்தத் துடிப்புகளால் சற்று அமைதிப்படுத்தினால் மறுபாதி மீண்டெழும் அல்லவா? சிறிய ஆய்வுகள் பல இதற்கு ஆதரவாகவே அமைந்தன.

அமெரிக்காவில் 199 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, இக்கருத்தை நேரடியாகச் சோதித்தது. ஒரு பிரிவினருக்கு உண்மையான தூண்டல். மற்றவர்களுக்கு அதே போன்ற தோற்றமுடைய போலிக் கருவி. இரு பிரிவினருக்கும் ஆறு வாரங்களில் 18 அமர்வுகள் கைப்பயிற்சி அளிக்கப்பட்டது. ஆறு மாதங்களுக்குப் பின் அளந்து பார்த்தபோது, உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 67 சதவீதத்தினரிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. போலிக் கருவிப் பிரிவில் அந்த எண்ணிக்கை 65 சதவீதம்.

இதைத் தோல்வி என்று மட்டும் பதிவு செய்துவிட்டு நகர்வது சரியாகாது. ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் பக்கவாதம் கண்டு மூன்று முதல் பன்னிரண்டு மாதங்கள் ஆனவர்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் முன்னேறியிருக்கின்றனர். இரு பிரிவினருக்கும் பொதுவாக இருந்தது அந்த 18 அமர்வுப் பயிற்சி.

இயந்திரக் கரம்

இயந்திரக் கரத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. பிரிட்டனில் 770 பேர் பங்கேற்று, 2019ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியான ஆய்வில் மூன்று குழுக்கள் இருந்தன. இயந்திரக் கரத்துடன் பயிற்சி பெற்றவர்களில் 44 சதவீதத்தினரும், அதே அளவு நேரம் சிகிச்சையாளரின் உதவியுடன் பயிற்சி பெற்றவர்களில் 50 சதவீதத்தினரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 42 சதவீதத்தினரும் எதிர்பார்த்த முன்னேற்றத்தை எட்டினர். புள்ளியியல் நோக்கில் இவை வேறுபாடு என்று கொள்ளத் தக்கவை அல்ல.

நடையைப் பொறுத்தவரை, உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கும் கச்சையுடன் ஓடுபட்டையில் நடக்கவைக்கும் முறை மிகவும் நம்பப்பட்டது. 408 பேரிடம் நடத்தப்பட்டு 2011ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வில் அதற்குப் போட்டியாக வைக்கப்பட்டது, இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே சென்று கற்பித்த வலிமை மற்றும் சமநிலைப் பயிற்சி. ஓராண்டு முடிவில் பங்கேற்றவர்களில் 52 சதவீதத்தினரின் நடைத்திறன் மேம்பட்டிருந்தது. எந்த முறை என்பது அதில் வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை. ஆறு மாதம் கழித்தே ஓடுபட்டைப் பயிற்சியைத் தொடங்கியவர்களும் மற்றவர்களுக்குப் பின்தங்கவில்லை. ஆறு மாதங்களுக்குப் பிறகு எதுவும் திரும்பாது என்று குடும்பத்தினரிடம் இன்றும் சொல்லப்படுவதால், இம்முடிவைத் தனியாகச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது.

கட்டிவைக்கப்பட்ட கை

பயன் தந்த முறைகளும் உண்டு. நரம்புத் தொடர்பு துண்டிக்கப்பட்ட கையைக் குரங்குகள் பயன்படுத்தாமலே விட்டுவிடுவதையும், நல்ல கையைக் கட்டிவைத்தால் மறுபடி பயன்படுத்தத் தொடங்குவதையும் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் கவனித்தார். 1981ஆம் ஆண்டு அவரது ஆய்வகம் விலங்கு உரிமைப் போராட்டத்தின் இலக்காகி, காவல்துறைச் சோதனைக்கு உள்ளானது வேறு கதை. பின்னர் அலபாமாவில் அவர் இதை மனிதர்களுக்கான சிகிச்சையாக வளர்த்தெடுத்தார். நல்ல கையில் உறை மாட்டிவிட்டு, பாதிக்கப்பட்ட கையை நாளொன்றுக்குப் பல மணி நேரம், இரண்டு வாரங்களுக்குப் பயிற்றுவிப்பதே இம்முறை. 222 பேரிடம் நடத்தப்பட்டு 2006ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் தெளிவாக முன்னேறினர். மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவேனும் நீட்ட முடிந்தவர்கள் மட்டுமே இதில் சேர்க்கப்பட்டனர் என்பதை மறந்துவிடக் கூடாது. முன்னேற்றம் உறையால் வந்ததா, பயிற்சி நேரத்தால் வந்ததா என்ற கேள்விக்கும் இந்த ஆய்வு விடை தருவதில்லை.

கண்ணாடிச் சிகிச்சையின் மூலவர் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன். துண்டிக்கப்பட்ட கையில் வலி உணர்பவர்களுக்காக அவர் 1990களில் உருவாக்கிய எளிய கண்ணாடிப் பெட்டி, 1999ஆம் ஆண்டு பக்கவாத நோயாளிகள் ஒன்பது பேரிடம் முயன்று பார்க்கப்பட்டது. 62 ஆய்வுகளைத் தொகுத்து 2018ஆம் ஆண்டு வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, வழக்கமான சிகிச்சையுடன் சேர்த்துச் செய்தால் இது கை, கால் இயக்கத்துக்கு உதவுவதாகக் கூறியது. செலவு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடிதான்.

எவ்வளவு, எப்போது?

பயிற்சிதான் மருந்து என்றால் அதற்கும் ஓர் அளவு உண்டு. மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 2104 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், பக்கவாதம் தாக்கிய 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி நடமாட வைக்கப்பட்டவர்களில் 46 சதவீதத்தினரே மூன்று மாதங்களில் நல்ல நிலையை அடைந்தனர். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 50 சதவீதத்தினர் அந்நிலையை அடைந்தனர். நோயாளியை உடனே நடக்கவைக்கத் துடிக்கும் உறவினர்கள் அறிந்திருக்க வேண்டிய முடிவு இது.

காலம் கடந்த பின்னரோ நிலைமை வேறு. லண்டன் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையில் மூன்று வாரங்களில் 90 மணி நேரக் கைப்பயிற்சி பெற்ற 224 பேரில், பெரும்பாலானோர் பக்கவாதம் கண்டு ஓராண்டுக்கு மேல் ஆனவர்கள். அவர்களது முன்னேற்றம் ஆறு மாதங்களுக்குப் பிறகும் நிலைத்திருந்தது. ஆனால் அங்கு ஒப்பீட்டுக் குழு இல்லை. பேச்சிழந்தவர்களைப் பொறுத்தவரை ஜெர்மனியில் ஒப்பீட்டுக் குழுவுடனேயே ஆய்வு நடந்தது. வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம் வீதம், மூன்று வாரங்கள் அளிக்கப்பட்ட பேச்சுப் பயிற்சி பயனளித்ததாக 2017இல் முடிவு வெளியானது. அதில் பங்கேற்ற 156 பேரும் பக்கவாதம் கண்டு ஆறு மாதங்களைக் கடந்தவர்கள்.

இத்தனை மணி நேரப் பயிற்சியை யார் அளிப்பது? இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளின் குடும்பத்தினரைக் கொண்டு இதற்கு விடை தேடப்பட்டது. குடும்பத்தினருக்குக் கற்றுக்கொடுத்து, வீட்டிலேயே பயிற்சி நடந்தது. ஆறு மாதங்களுக்குப் பின் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் சேர்ந்து இரு குழுக்களிலும் 47 சதவீதமாகவே இருந்தனர். அன்பும் அக்கறையும் குறைவில்லாத வீடுகளிலும், தேர்ந்த சிகிச்சையாளரின் இடத்தைச் சில நாள் பயிற்சி பெற்ற உறவினரால் நிரப்ப முடியவில்லை என்றே இதைப் பொருள்கொள்ளத் தோன்றுகிறது.

பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் 2013ஆம் ஆண்டு, தேவைப்படும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் நாளொன்றுக்குக் குறைந்தது 45 நிமிடங்கள் என்று பரிந்துரைத்திருந்தது. 2023ஆம் ஆண்டு அது, வாரத்தில் ஐந்து நாட்கள், நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் என்று உயர்த்தப்பட்டது.