செங்கல் இடுக்கில் ஒரு காங்கிரஸ்காரர்

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் செங்கல் பாவின இடத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். என் மகள் ஓடி வந்து ஒரு வெள்ளைப் பூவைப் பறிக்கப் போனாள். ஈரோட்டிலிருந்து வந்திருக்கும் அம்மா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். "தொடாத கண்ணு! அது பார்த்தீனியம்!"

அம்மாவின் முழங்கை வரை தோல் கறுத்துத் தடித்திருக்கும். வருஷக்கணக்காகக் காட்டுவேலையில் இதைப் பிடுங்கியதன் பலன்.

பெங்களூரில் இதற்குக் 'காங்கிரஸ் கிட' என்று பேர். கிட என்றால் செடி. வெள்ளைப் பூ காந்தி குல்லாய் மாதிரி இருப்பதால் வந்த பேராம்.

சரி, இது எங்கிருந்து வந்தது? பூர்வீகம் மெக்சிகோ பக்கம். 'அமெரிக்கா பி.எல். 480 கோதுமையோடு அனுப்பியது' என்று நானும் பல பேரிடம் அடித்துப் பேசியிருக்கிறேன். ஆனால் கணக்கு இடிக்கிறது. இந்தியா அந்த ஒப்பந்தம் போட்டது 1956 ஆகஸ்டில். புனேயில் செடியைப் பார்த்தது 1955-ல்! 1951-லேயே வேறு கடனில் அமெரிக்கக் கோதுமை வந்தது என்பதும் உண்மை. பின்னால் வந்த மூட்டைகளில் விதை இன்னும் வந்திருக்கலாம். பழியை மொத்தமாக பி.எல். 480 தலையில் கட்ட முடியாது, அவ்வளவுதான்.

1975-ல் கர்நாடக அரசு இதைத் தீங்குக்களை என்று சட்டப்படி அறிவித்தது. செடி சட்டம் படிக்குமா? :-) ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும்.

அடுத்து மெக்சிகோவிலிருந்தே ஒரு வண்டை வரவழைத்தார்கள். 1983-ல் கொண்டுவந்து, சோதித்து, 1984-ல் பெங்களூரில்தான் முதலில் விட்டார்கள். பேர் சைகோகிராமா. மழைக்காலத்தில் இலையை மொட்டையடிக்கும். கோடையில் மண்ணுக்குள் போய்த் தூங்கிவிடும். 1990-களில் சூரியகாந்தியையும் கடிக்கிறது என்று புகார் கிளம்பி, விசாரணைக் குழுவெல்லாம் போட்டார்கள். இன்றைக்கும் வண்டு இருக்கிறது, செடியும் இருக்கிறது.

ஆகவே மக்களே, வண்டை நம்பி உட்கார வேண்டாம். மழை பெய்த மறுநாள், பூ விடுவதற்கு முன்னால், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். பூத்த பிறகு பிடுங்கினால் விதையை நாமே தூவின கதைதான். உப்புக் கரைசலும் கொல்லும், ஆனால் பக்கத்துச் செடியையும் சேர்த்து.

அம்மாவுக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கிக் கொடுத்தேன். "இத முப்பது வருசத்துக்கு முந்தி யாராவது சொல்லியிருக்கலாமில்ல" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.