தூண்டலும் ஒத்ததிர்வும்: ஓர் அறிவியல் துறைப்பெயரின் வரலாறு

கொச்சியையடுத்த திருப்பூணித்துறையில், வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் வழங்கும் குடும்பத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர், 1971இல் நிறுவப்பெற்ற கொச்சிப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயில்வதாகக் கொள்வோம். 'நியூக்ளியர் மாக்னடிக் ரெசனன்ஸ்' என ஆங்கிலத்தில் கேட்கும் பெயரில், 'ரெசனன்ஸ்' என்பதனை மலையாளத்தில் 'அனுநாதம்' என்றும், தமிழில் 'ஒத்ததிர்வு' என்றும் அவர் காண்பார். இலங்கைத் தமிழ் நூல்களைப் புரட்டின் அங்கே அது 'பரிவு'. அனுநாதம் மூலச்சொல்லைப் போன்றே ஒலியைச் சுட்டுகிறது. ஒத்ததிர்வு அசைவைச் சுட்டுகிறது. இவற்றுள் எது பொருந்துமென்று வழக்காடுமுன், இத்துறை ஆங்கிலத்திலேயே இரு பெயர்களுடன் பிறந்ததென்பதை மொழிபெயர்ப்பாளர் அறிதல் வேண்டும்.

1945ஆம் ஆண்டின் இறுதியில் ஹார்வர்டில் பர்செல், டோரி, பவுண்ட் ஆகியோர் பாரஃபின் மெழுகிலும், அதனையொட்டி ஸ்டான்ஃபோர்டில் பிளாக், ஹான்சன், பக்கார்ட் ஆகியோர் நீரிலும் ஒரே நிகழ்வைக் கண்டனர். 1946இல் வெளிவந்த கட்டுரைகளில் முன்னவர் அதனை 'ஒத்ததிர்வு உட்கவர்தல்' என்றனர். பின்னவர் 'அணுக்கருத் தூண்டல்' என்றனர். இது வெறும் சொல்வேறுபாடன்று. பர்செல் கண்டது, ஆற்றல் மட்டங்களுக்கிடையே அணுக்கரு வானொலி அலையை ஏற்றுத் தாவுவதை. பிளாக் கண்டது, காந்தப்புலத்தைச் சுற்றித் தலையசைத்தாடும் காந்தமாக்கம் அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுவதை. 1952இல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டனர்.

இவ்விரு பெயர்களும் இந்தியருடைய எழுத்திலும் இடம்பெற்றமை கருதத்தக்கது. எதில் ஆல்கஹாலின் மூவகை ஹைட்ரஜன்களும் மூன்று தனித்தனிக் குறிகைகளைத் தருவதைக் காட்டிய 1951ஆம் ஆண்டின் ஸ்டான்ஃபோர்டுக் கட்டுரையில் ஆர்னால்டு, பக்கார்ட் ஆகியோருடன் எஸ்.எஸ். தர்மட்டியின் பெயரும் உண்டு. வேதியியலார் இக்கருவியை நாடியதற்கு அக்கட்டுரையே பெருங்காரணம் எனலாம். அதன் தலைப்பில் இருப்பது 'தூண்டல்'. அதே 1951இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில், பாயும் நீர்மம் புதிய அணுக்கருக்களைக் கொணர்ந்து குறிகையை வலுப்படுத்துவதைக் கண்ட ஜி. சூரியன் கையாண்டதோ 'ஒத்ததிர்வு'. 1957இல் கல்கத்தாவில் ஏ.கே. சாஹாவும் டி.பி. தாஸும் வெளியிட்ட நூல் மீண்டும் 'தூண்டல்' என்றே தலைப்பிட்டது.

காலப்போக்கில் ஒத்ததிர்வு வென்றது. வேதியியல் வகுப்பில் இதனால் ஓர் இடர்ப்பாடு எழுந்தது: பென்சீன் வளையத்தின் எலெக்ட்ரான் பரவலுக்கும் ஆங்கிலத்தில் அதே 'ரெசனன்ஸ்'தான். தமிழ்ப் பாடநூல்கள் அதற்கு 'உடனிசைவு' எனத் தனிச்சொல் தந்து இவ்விரண்டையும் பிரித்தன. ஆங்கிலத்தில் இல்லாத தெளிவு இது. ஒருமைப்பாடு கருதி இதனை அழித்தல் தகாது. ('நிறமாலை' பற்றியும் குறைகூறுவோர் உளர். 60 மெகாஹெர்ட்சில் நிறமேது என்பர். மலையாளத்து 'வர்ணராஜி'க்கும் இதே நிலைதான். பழகிய உருவகத்தை மாற்ற வேண்டியதில்லை.)

ஆயினும் தோற்ற பெயர் மறையவில்லை. 1966இல் எர்ன்ஸ்டும் ஆண்டர்சனும் துடிப்புமுறையைப் புகுத்தியபின், கருவிகள் நேரடியாக அளப்பது பிளாக் கண்ட அந்த மின்னழுத்தத்தையே. அதன் பெயர் 'ஃப்ரீ இண்டக்ஷன் டிகே'. இதனைச் சொல்லுக்குச் சொல்லாகக் 'கட்டற்ற தூண்டல் தேய்வு' என்று பெயர்த்தால் பொருள் பிறழ இடமுண்டு. தமிழில் 'தூண்டல்' உளவியலிலும் வழங்குகிறது. தூண்டல், துலங்கல் என்னும் இணையை அறிந்த மாணவர், மாதிரிக்குள் செலுத்தப்பட்ட துடிப்புதான் தேய்கிறது என்று கருதிவிடுவார். உண்மையில் அத்துடிப்பு நின்றபின் அணுக்கருக்கள் சுருளில் எழுப்பும் குறிகையே தேய்வது. அதாவது, அவர் 'தூண்டல்' எனக் கொண்டது 'துலங்கல்'. எனவே 'கட்டற்ற மின்காந்தத் தூண்டற் குறிகைத் தேய்வு' என, நீண்டாலும், விரித்தெழுதுதலே தக்கது.