ஒரே இனம், இரண்டு வார்டு: டு பாய்ஸின் சாவுக் கணக்கு

1896இல் ப்ரூடென்ஷியல் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளர் ஃபிரெடரிக் ஹாஃப்மன், அமெரிக்கக் கறுப்பர்களைப் பற்றி ஒரு தடித்த நூலை வெளியிட்டார். காசநோயாலும் குழந்தைப் பருவத்திலும் அவர்கள் அதிகம் சாவதற்குக் காரணம் பிறவியிலேயே உள்ள பலவீனம், இந்த இனம் மெல்ல அழிந்துபோகும் என்பது அவர் தீர்ப்பு. அவர் வேலை பார்த்த நிறுவனமோ 1881லேயே, அதே பிரீமியத்துக்குக் கறுப்பர்களுக்கு மட்டும் காப்பீட்டுத் தொகையை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தது. வியாபாரம் முந்திக்கொண்டது, விஞ்ஞானம் பதினைந்து ஆண்டு கழித்து வந்து சேர்ந்தது.

அதே 1896இல் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்தார். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவருக்குப் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தந்தது சமூகவியல் உதவியாளர் என்ற பெயர்தான். பாடம் நடத்த ஒரு வகுப்புகூட இல்லை. கறுப்பர்கள் நெருக்கமாக வாழ்ந்த ஏழாம் வார்டில் வீடு வீடாகப் படியேறி விசாரித்தார். 1899இல் வெளிவந்த அவர் நூலின்படி, அங்கிருந்த 2,441 கறுப்பர் குடும்பங்களில் குளியலறையும் கழிப்பறையும் வாய்த்தவை 334. ஆனால் அவருடைய வலுவான சான்று இதுவல்ல. நகரத்தின் மிக மோசமான சேரியான ஐந்தாம் வார்டில் கறுப்பர்களின் சாவு விகிதம் மிக உயரத்தில் இருந்தது. நல்ல வீடும் சுத்தமான தெருவும் கொண்ட முப்பதாம் வார்டிலோ அதே கறுப்பர்களிடையே அது தாழ்ந்து கிடந்தது. இனம் ஒன்றுதான், மாறியது இருப்பிடம். பிறவிதான் காரணம் என்றால் இந்த வேறுபாட்டுக்கு இடமேது?

வசதி உள்ளவர்கள்தானே முப்பதாம் வார்டுக்குக் குடிபோனார்கள் என்று கேட்கலாம். உண்மைதான், டு பாய்ஸே அதை எழுதியிருக்கிறார். ஆனால் வசதி ஆயுளைக் கூட்டுகிறது என்று ஒப்புக்கொண்ட பிறகு ஹாஃப்மனின் வாதத்தில் என்ன மிஞ்சுகிறது? ஏழைகளின் அசுத்தத்தையும் அசட்டையையும் டு பாய்ஸ் உபதேசத் தொனியில் கடிந்துகொண்டார் என்ற குறையை மறுப்பதற்கில்லை. இன்று படிக்கையில் அது உறுத்தவே செய்கிறது. அட்லாண்டா பல்கலைக்கழகத்திலிருந்து 1906இல் அவர் பதிப்பித்த ஆய்வில் பார்வை இன்னும் தெளிந்திருந்தது. ரஷ்யாவில் ஏழைக்கும் வசதியுள்ளவருக்கும் இடையிலான சாவு வித்தியாசம், அமெரிக்காவில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் இடையில் இருப்பதைவிடப் பெரிது என்று அது காட்டியது.

டு பாய்ஸின் ஆய்வு ஓரங்கட்டப்பட்டது சான்று குறைந்ததால் அல்ல. நாற்காலி யாரிடம் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1910இல் டு பாய்ஸ் பல்கலைக்கழகத்தை விட்டு 'தி கிரைசிஸ்' பத்திரிகையை நடத்தப் போனார். 1911இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் தலைவரானவர் ஹாஃப்மன்.